விட்டாலிக்.எத் எங்கே குடியிருக்கிறது? பைத்தானில் கன்டென்ட் பதிவை எடுக்கும் வழி

பிரவுசரில் விட்டாலிக்.எத் என்று எழுதி, அதன் வாலில் .லிமோ என்று ஒட்டினால் எத்தீரியம் என்ற பிளாக்செயினைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டரினின் வலைப்பதிவு திறக்கிறது. பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேடான எத்தீரியத்தில் பதிந்த ஒரு பெயர், சாதாரண இணையதளம் போல வந்து நிற்கிறது. பார்த்ததும் வரும் எண்ணம், 'அந்தப் பக்கம் முழுக்க பிளாக்செயினில் இருக்கிறது போல' என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே இருப்பது 38 பைட். பக்கம் எங்கே கிடைக்கும் என்பதற்கான துப்புச்சீட்டு, அவ்வளவுதான். எத்.லிமோ என்பது நமக்காக அந்தச் சீட்டைப் படித்து, பக்கத்தை வாங்கிவந்து தரும் நடுவர்.

நடுவரை நம்பி இருக்கலாமே என்றால், இருக்கலாம். ஆனால் இதே வேலையைச் செய்துவந்த எத்.லிங்க் என்ற பெயரின் பதிவுக்காலம் 2022-இல் முடிந்துபோனது. புதுப்பிக்க வேண்டியவர் அப்போது அமெரிக்கச் சிறையில் இருந்தார். பெயர் ஏலத்தில் வேறு கைக்குப் போய், நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கித்தான் மீட்டார்கள். அந்த நாட்களில்கூட எத்தீரியத்தில் இருந்த பதிவுகள் அப்படியே இருந்தன. ஆட்டம் கண்டது நடுவரின் முகவரி மட்டுமே. சீட்டை நாமே படிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கவலை இல்லை. பைத்தானில் முப்பது வரிக்குள் முடிகிற வேலை இது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஒட்டி எடுத்துக்கொள்ள நிரல் இல்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வேன், தட்டச்சு உங்களுடையது. பெயர்களின் ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன், நிரலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பைட்டுகளை ஹெக்ஸில் எழுதாமல் சாதாரண எண்களாகவே எழுதுகிறேன். பைத்தானில் ஒரு பைட் வரிசையை லிஸ்ட் என்ற செயலுக்குள் போட்டால் அதுவும் இப்படித்தான் காட்டும்.

இரண்டு கவுன்டர், ஒரு சீட்டு

.எத் பெயர்களைப் பதிந்துவைக்கும் எத்தீரியம் நேம் சர்வீஸ், சுருக்கமாக இஎன்எஸ், 2017 மே 4 முதல் இயங்குகிறது. அதன் அமைப்பை ஒரு பழைய அலுவலகம் போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கவுன்டர் ரெஜிஸ்ட்ரி. அங்கே போய்ப் பெயரைச் சொன்னால் பதில் கிடைக்காது. 'இந்தப் பெயரின் விவரம் எல்லாம் அந்தக் கவுன்டரில்' என்று ஒரு முகவரியைக் கை காட்டுவார்கள். அந்த இரண்டாவது கவுன்டர்தான் ரிசால்வர். அதுவும் எத்தீரியத்தில் இருக்கும் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினிலேயே ஓடும் நிரல். வாலட் முகவரி, மின்னஞ்சல், அவதார் படம் என்று பல பதிவுகள் அங்கே இருக்கும். நமக்கு வேண்டியது கன்டென்ட்ஹேஷ் என்ற பதிவு மட்டும்.

ஏன் இரண்டு கவுன்டர் என்று கேட்கலாம். பெயருக்கு உரியவர் தனக்குப் பிடித்த ரிசால்வரை வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு மாற்றவும் செய்யலாம். அதனால் ரிசால்வரின் முகவரியை நிரலில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்டே போக வேண்டும். ஒரு பெயருக்கு வேலை செய்த நிரல் அடுத்த பெயருக்கு வெறும் கையோடு திரும்புவதற்கு, நான் பார்த்தவரை, இதுதான் அதிகமாகக் காரணமாகிறது.

மேசையைத் தயார் செய்தல்

புதிய ஃபோல்டர், அதில் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அப்புறம் பிப் மூலம் வெப்3 என்ற நூலகம். நூலகத்தை எல்லோரும் வெப்3.பை என்றுதான் சொல்வார்கள், ஆனால் நிறுவும்போது வெறும் வெப்3. இஎன்எஸ் பகுதி அதற்குள்ளேயே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தை இறக்கப் பின்னால் ரெக்வெஸ்ட்ஸ் நூலகம் தேவைப்படும். வெப்3-ஐ நிறுவும்போதே அதுவும் கூட வந்துவிடும்.

உங்கள் கோப்புக்கு வெப்3.பை என்றோ இஎன்எஸ்.பை என்றோ மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் கோப்பைத்தான் தேடும். நூலகத்தை இறக்குமதி செய்வதாக நினைத்துக்கொண்டு உங்கள் கோப்பையே அது மறுபடி இழுக்கும். புரியாத பிழைச்செய்தி வரும். சிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கிறது.

அடுத்து, எத்தீரியத்தோடு பேச ஒரு நோட், அதாவது அந்த வலையமைப்பில் ஓடும் ஒரு கணினி வேண்டும். சொந்தமாக ஓட்டினால் நல்லது, ஆனால் புதியவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. இன்ஃபுரா, ஆல்கெமி போன்ற சேவைகளில் இலவசக் கணக்கு தொடங்கினால் ஒரு நீண்ட இணைய முகவரி தருவார்கள். அதன் வாலில் இருப்பது உங்கள் ரகசியச் சாவி. அதை நிரலுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் மாறியில் வைத்து, ஓஎஸ் மாட்யூல் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப்பில் ஏற்றிய பிறகு 'ஐயோ' என்று சொல்லிப் பயனில்லை.

இந்த வேலைக்கு எத்தீரியத்தின் நாணயமான ஈதர் செலவாகாது. எழுதினால்தான் கேஸ் கட்டணம். நாம் செய்வது வெறும் வாசிப்பு. வாலட்டும் வேண்டாம், அதைத் திறக்கும் ரகசியச் சாவியான பிரைவேட் கீயும் வேண்டாம். எந்த வழிகாட்டியாவது கன்டென்ட் பதிவைப் படிக்க உங்கள் பிரைவேட் கீயைக் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

இப்போது முதல் மூன்று வரிகள். வெப்3 என்ற கிளாஸை இறக்குமதி செய்யுங்கள். எச்டிடிபி புரவைடருக்கு நோட்டின் முகவரியைக் கொடுத்து ஒரு வெப்3 பொருளை உருவாக்குங்கள். அதன் இஸ்_கனெக்டெட் செயலை அழைத்து 'ட்ரூ' வருகிறதா பாருங்கள். பழைய பாடங்களில் இதே பெயர் நடுவில் கீழ்க்கோடு இல்லாமல், 'சி' மட்டும் பெரிய எழுத்தாக இருக்கும். வெப்3-இன் 6-ஆம் பதிப்பில் பெயர்களை எல்லாம் கீழ்க்கோடு பாணிக்கு மாற்றிவிட்டார்கள். 'அப்படி ஒரு பண்பு இல்லை' என்று பிழை வந்தால், உங்கள் கையில் இருப்பது பழைய பாடம்.

இணைப்பு கிடைத்ததும் செயின்_ஐடி எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள். 1 என்று வர வேண்டும், அதுதான் எத்தீரியத்தின் முதன்மைச் சங்கிலியான மெயின்நெட். வேறு எண் வந்தால் சோதனைக்கான டெஸ்ட்நெட்டிலோ வேறு சங்கிலியிலோ நிற்கிறீர்கள். அங்கே நின்று விட்டாலிக்.எத்தைத் தேடுவது, மதுரை வாக்காளர் பட்டியலில் சென்னைக்காரரைத் தேடுகிற மாதிரி.

பெயரை 32 பைட்டாக்குவது

கவுன்டரில் பெயரை அப்படியே சொல்ல முடியாது. ரெஜிஸ்ட்ரிக்கு எழுத்து தெரியாது, 32 பைட் எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணின் பெயர் நோட். நாம் இணைகிற நோட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதைப் பெயரெண் என்று வைத்துக்கொள்வோம். பெயரைப் பெயரெண்ணாக்கும் முறை நேம்ஹேஷ், இஐபி-137 என்ற ஆவணத்தில் வரையறுத்திருக்கிறார்கள்.

வெப்3-இல் இது ஒரே வரி: இஎன்எஸ் கிளாஸில் நேம்ஹேஷ் என்ற செயலுக்குள் பெயரைப் போட வேண்டும். ஆனால் ஒரே ஒரு தடவை கையாலும் எழுதிப் பாருங்கள், ஆறு வரிக்குமேல் ஆகாது. 32 சுழியப் பைட்டுகளில் தொடங்குங்கள். பெயரைப் புள்ளியில் பிரித்து, வலப்பக்கத் துண்டிலிருந்து இடப்பக்கம் போங்கள். ஒவ்வொரு துண்டையும் கெச்சாக்-256 என்ற ஹேஷ் முறையில் (எந்த நீளத் தரவையும் ஒரே நீள அடையாளமாகச் சுருக்கும் கணக்கு) போட்டு 32 பைட் ஆக்குங்கள். இதுவரை கையில் உள்ள 32 பைட்டின் பின்னால் அதை ஒட்டி, 64 பைட்டையும் சேர்த்து மறுபடி கெச்சாக். வருவது புதிய 32 பைட். அடுத்த துண்டு. முதலில் 'எத்', அப்புறம் 'விட்டாலிக்', முடிந்தது.

இந்த வேலையில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். பைத்தானோடு வரும் ஹேஷ்லிப் மாட்யூலில் ஷா3_256 இருக்கிறதே, கெச்சாக்தானே ஷா-3 என்று அதைப் பயன்படுத்தினேன். எந்தப் பெயரைக் கேட்டாலும் ரிசால்வர் இல்லை என்றே பதில். விஷயம் இதுதான்: ஷா-3-ஐத் தேர்ந்தெடுக்க நடந்த போட்டியில் கெச்சாக் வென்றது, ஆனால் 2015-இல் அதைத் தரநிலையாக வெளியிடும்போது கடைசியில் சேர்க்கும் நிரப்புப் பைட்டை மாற்றினார்கள். எத்தீரியம் மாற்றத்துக்கு முந்தைய கெச்சாக்கை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே நீளம், ஒரே தோற்றம், விடை மட்டும் வேறு. வெற்றுச் சரத்தைப் போட்டுப் பாருங்கள். எத்தீரியத்தின் கெச்சாக் 197, 210 என்று தொடங்கும். ஷா-3 என்றால் 167, 255. வெப்3 கிளாஸிலேயே கெச்சாக் செயல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எத்' என்ற ஒற்றைத் துண்டின் நேம்ஹேஷ் 147, 205, 235, 112 என்று தொடங்கினால் உங்கள் ஆறு வரியும் சரி.

கையால் எழுதியதை அப்படியே நிஜ வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கணக்குக்கு முன்னால் பெயரைச் சீராக்கும் ஒரு படி இருக்கிறது. நூலகம் அதைச் செய்கிறது, நம் ஆறு வரி செய்யவில்லை. ஒரு பெரிய எழுத்து நுழைந்தாலே பெயரெண் மாறிவிடும். தமிழில் பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. பைட்டில் வேறு, ஆகவே ஹேஷும் வேறு. இஎன்எஸ்ஐபி-15 என்ற சீராக்கும் விதி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. கடைசியில் நூலகத்தின் நேம்ஹேஷையே நம்புங்கள். உங்கள் ஆறு வரி, உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள.

ரிசால்வரைக் கேட்பது

இஎன்எஸ் கிளாஸின் ஃப்ரம்_வெப்3 செயலுக்கு உங்கள் வெப்3 பொருளைக் கொடுத்தால் ஒரு இஎன்எஸ் பொருள் கிடைக்கும். அதன் ரிசால்வர் செயலிடம் பெயரைச் சொல்லுங்கள். ரெஜிஸ்ட்ரியின் முகவரி நூலகத்துக்குத் தெரியும், நாம் தேட வேண்டாம். திரும்பி வருவது ஒரு கான்ட்ராக்ட் பொருள், அல்லது 'நன்'. 'நன்' என்றால் அந்தப் பெயருக்கு ரிசால்வரே வைக்கவில்லை. பெயர் வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறார்கள், அல்லது யாரும் வாங்கவே இல்லை. அங்கேயே நிறுத்திவிடலாம்.

கிடைத்த பொருளிலிருந்து முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு, நமக்கான சின்ன கான்ட்ராக்ட் பொருளை நாமே உருவாக்கலாம். அதற்கு ஏபிஐ வேண்டும். இணையத்தில் எல்லோரும் பேசும் அந்த ஏபிஐ இல்லை. இதன் நடுவில் வருவது ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, பதினாறாவது இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்வது. ஒரு கான்ட்ராக்டில் என்னென்ன செயல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எதை வாங்கி எதைத் தரும் என்ற விவரப்பட்டியல்தான் அது. முழுப் பட்டியல் வேண்டியதில்லை. ஒரே ஒரு டிக்‌ஷனரி உள்ள லிஸ்ட் போதும். அதில் வகை 'ஃபங்ஷன்', பெயர் 'கன்டென்ட்ஹேஷ்', உள்ளீடு பைட்ஸ்32 வகையில் ஒன்று, வெளியீடு பைட்ஸ் வகையில் ஒன்று, நிலைத்தன்மை 'வியூ'. ஐந்து சாவிகள், அவ்வளவே.

அந்தப் பட்டியலையும் முகவரியையும் வெப்3 பொருளின் எத் பகுதியில் உள்ள கான்ட்ராக்ட் செயலுக்குக் கொடுங்கள். வந்த பொருளில் ஃபங்ஷன்ஸ், அதற்குள் கன்டென்ட்ஹேஷ், அதற்குள் பெயரெண், கடைசியில் கால். இந்தக் கடைசி 'கால்' விட்டுப்போனால் பதிவுக்குப் பதில் ஒரு செயல் பொருள் அச்சாகும். புதியவர்கள் அதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

சரி, என்ன வந்தது? வெற்றுப் பைட் வரிசை வந்தால் ரிசால்வர் இருக்கிறது, கன்டென்ட் பதிவு மட்டும் வைக்கவில்லை என்று பொருள். இஎன்எஸ் பெயர் வைத்திருப்பவர்களில் பலரும் பணம் வாங்கும் முகவரியாக மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே இதை அடிக்கடி பார்ப்பீர்கள். இதைப் பிழையாக நினைக்க வேண்டாம்.

கான்ட்ராக்ட் அழைப்பே பிழையில் முடிந்தால் அது ரொம்பப் பழைய ரிசால்வராக இருக்கலாம். கன்டென்ட்ஹேஷ் என்ற பதிவு பின்னால் இஐபி-1577 மூலம் வந்தது. அதற்கு முந்தைய ரிசால்வர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாகரிகமாகக் கேட்க வேண்டுமானால் சப்போர்ட்ஸ்இன்டர்ஃபேஸ் என்ற செயல் இருக்கிறது. அதற்கு 188, 28, 88, 209 என்ற நான்கு பைட்டைக் கொடுத்தால், கன்டென்ட்ஹேஷ் தெரியுமா தெரியாதா என்று ஆமாம், இல்லையில் சொல்லிவிடும். இந்தச் செயலின் விவரத்தையும் ஏபிஐ லிஸ்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

38 பைட்டை உரிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஐபிஎஃப்எஸ் என்பது கோப்புகளைப் பலர் தங்கள் கணினிகளில் வைத்துப் பரிமாறிக்கொள்ளும் வலையமைப்பு. அதில் உள்ள தளம் ஒன்றின் பதிவை எடுத்து லிஸ்டாக அச்சிட்டால் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

227, 1, 1, 112, 18, 32, …

அதன் பின் 32 பைட், பார்த்தால் தலையும் வாலும் புரியாத எண்கள். மொத்தம் 38. வெங்காயம் உரிப்பது போல வெளியிலிருந்து உள்ளே போவோம், கண்ணீர் வராது.

முதல் இரண்டும், 227 மற்றும் 1, சேர்ந்தே ஒரு எண். இந்த எழுத்துமுறைக்கு வேரின்ட் என்று பெயர். ஒரு பைட் 128-க்குக் குறைவாக இருந்தால் எண் அங்கே முடிகிறது. 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'இன்னும் இருக்கிறது, அடுத்ததையும் பார்' என்று பொருள். 128-ஐக் கழித்துவிட்டு அடுத்த பைட்டை 128 மடங்காகக் கூட்ட வேண்டும். 227-இல் 128 போனால் 99. அடுத்தது 1, அதன் 128 மடங்கு 128. கூட்டினால் 227. மறுபடி அதே 227! தற்செயல் இல்லை, 128 முதல் 255 வரை எந்த எண்ணை எழுதினாலும் அந்த எண்ணும் பின்னால் ஒரு 1-ம்தான் வரும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் 'முதல் பைட்தான் வகை, இரண்டாவதைத் தள்ளிவிடலாம்' என்று எழுதிவைக்கிறார்கள். டார் என்ற, அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பில் உள்ள வெங்காயத் தளத்தின் (முகவரி .ஆனியன் என்று முடியும்) பதிவு வரும்போது அந்த நிரல் விழும். அதன் குறி 444. பைட்டில் 188, 3. 60-உம் 384-உம் சேர்ந்தால் 444. புதிய வகை வெங்காய முகவரிக்கு 445, பைட்டில் 189, 3. ஆகவே வேரின்டைப் படிக்க நாலு வரியில் ஒரு செயல் எழுதி, எண்ணையும் மீதிப் பைட்டுகளையும் சேர்த்துத் திருப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி மறுபடி உதவும்.

இந்த முதல் எண்தான் எந்த வலையமைப்பு என்று சொல்கிறது. 227 என்றால் ஐபிஎஃப்எஸ். 228 ஸ்வார்ம். 229 ஐபிஎன்எஸ். எண் தெரியாததாக இருந்தால் ஊகிக்காமல் 'தெரியாத வகை' என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லி நிறுத்துவது நல்லது.

227-ஐ உரித்த பின் மிஞ்சும் 36 பைட்டுக்கு சிஐடி என்று பெயர், உள்ளடக்கத்தின் அடையாள எண் அது. அதன் முதல் 1, சிஐடியின் பதிப்பு. 112 என்பது உள்ளடக்கத்தை அடுக்கியிருக்கும் முறை, டேக்-பிபி; ஃபோல்டர்களும் பெரிய கோப்புகளும் இப்படித்தான் அடுக்கப்படும். அங்கே 85 இருந்தால் அடுக்கு எதுவும் இல்லாத வெறும் பைட்டுகள். 18 என்பது ஷா2-256 என்ற ஹேஷ் முறை. 32 அதன் நீளம். மீதி 32 பைட் அந்த ஹேஷ்.

இனி இதை மனிதர் படிக்கும் முகவரியாக்க வேண்டும். நூலகங்கள் உண்டு, ஆனால் பைத்தானோடு வரும் பேஸ்64 மாட்யூலே போதும். அதில் பி32என்கோட் என்ற செயலுக்கு அந்த 36 பைட்டையும் கொடுங்கள். பெரிய எழுத்தில் 64 எழுத்து வரும், கடைசி ஆறும் சமக்குறி. சமக்குறிகளை ஆர்ஸ்ட்ரிப்பால் வெட்டி, லோயரால் சிறிய எழுத்தாக்கி, முன்னால் 'பி' என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள். அந்த 'பி', 'இது பேஸ்32-இல் எழுதியது' என்று சொல்லும் அடையாளம். மொத்தம் 59 எழுத்து. பி32என்கோட் தருவது பைட் வரிசை, சரம் இல்லை; நடுவில் ஒரு டிகோட் போட மறந்தால் 'பி'-ஐ ஒட்டும்போது பைத்தான் கோபித்துக்கொள்ளும்.

வந்தது 'பாஃபி' என்று உச்சரிக்கத் தோன்றும் ஒரு தொடக்கத்தோடு இருந்தால் எல்லாம் சரி. ஐபிஎஃப்எஸ் முகவரிகளில் இத்தனை ஒரே மாதிரி தொடங்குவதன் காரணமும் இப்போது உங்களுக்குத் தெரியும்: 1, 112, 18, 32 என்ற நான்கு பைட் 112 வகை முகவரிகள் எல்லாவற்றிலும் ஒன்றே, அதனால் முதல் சில எழுத்துகளும் ஒன்றே. 'க்யூஎம்' என்று தொடங்கும் 46 எழுத்து முகவரிகளைப் பழைய பாடங்களில் பார்த்திருப்பீர்கள். அது முந்தைய பதிப்பு. அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருக்கும். டொமைன் பெயரில் அந்த வேறுபாடு செல்லாது என்பதால், முகவரியைத் துணை டொமைனாக வைக்க வேண்டிய இடங்களில் சிறிய எழுத்து மட்டுமே உள்ள புதிய வடிவம்தான் எடுபடும்.

229, அதாவது ஐபிஎன்எஸ் வந்தால் கொஞ்சம் கவனம். ஐபிஎஃப்எஸ் முகவரி உள்ளடக்கத்தின் ஹேஷ். பக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முகவரி மாறும், அப்போது எத்தீரியத்தில் மறுபடி எழுத வேண்டும், கேஸ் கட்ட வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் சிலர் ஐபிஎன்எஸ் வைக்கிறார்கள். அதில் இருப்பது ஒரு சாவியின் அடையாளம், சாவிக்காரர் உள்ளடக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் காட்டலாம். இந்தச் சாவி எட்25519 வகை என்றால் சிஐடி 40 பைட். பேஸ்32-இல் எழுதினால் 65 எழுத்து. டொமைன் பெயரின் ஒரு துண்டு 63 எழுத்தைத் தாண்டக்கூடாது, ஆகவே இதற்கு மட்டும் பேஸ்36 பயன்படுத்தி, முன்னால் 'கே' போடுவார்கள், 62 எழுத்தில் அடங்கிவிடும். பேஸ்36 பைத்தானில் தயாராக இல்லை. பைட்டுகளை இன்ட் கிளாஸின் ஃப்ரம்_பைட்ஸ் மூலம் ஒரு பெரிய எண்ணாக்கி, 36-ஆல் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைத் திருப்பி அடுக்கினால் கிடைக்கும்.

ஐபிஎன்எஸ் பதிவில் ஹேஷ் முறை இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தால் 'ஹேஷே இல்லை, உள்ளே இருப்பதை அப்படியே படி' என்று பொருள். அதன் உள்ளே எட்25519 சாவியும் இருக்கலாம், ஒரு சாதாரண இணையதளப் பெயரும் இருக்கலாம். லிஸ்டில் நிறைய 97-க்கும் 122-க்கும் இடைப்பட்ட எண்களும் நடுவில் 46-உம் தெரிந்தால் அது ஆங்கில எழுத்தும் புள்ளியும்தான். நீளத்துக்கு அடுத்து வருவதை ஆஸ்கியாக டிகோட் செய்து பாருங்கள், தளத்தின் பெயர் பளிச்சென்று வரும்.

பக்கத்தை இறக்குவது

சிஐடி கிடைத்தாயிற்று. அதன் முன்னால் வழக்கமான எச்டிடிபிஎஸ் முன்னொட்டும், பின்னால் புள்ளி, ஐபிஎஃப்எஸ், புள்ளி, டிவெப்.லிங்க் என்றும் சேர்த்து ரெக்வெஸ்ட்ஸின் கெட் செயலுக்குக் கொடுத்தால் முகப்புப் பக்கம் வரும். டைம்அவுட் கட்டாயம் வையுங்கள், அறுபது விநாடி என் வழக்கம். ரெக்வெஸ்ட்ஸ் தானாக எந்தக் கெடுவும் வைக்காது. நீங்கள் வைக்காவிட்டால் நிரல் உட்கார்ந்தபடியே இருக்கும்.

504, அதாவது 'காத்திருந்தும் பதில் வரவில்லை' என்ற பிழை வந்தால் உங்கள் நிரலில் கோளாறு இல்லை. பதிவு சரியாக இருந்தும் அந்த உள்ளடக்கத்தை யாரும் வைத்திருக்கவில்லை என்றால் இப்படித்தான் ஆகும். ஐபிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு இருப்பது, யாராவது ஒருவர் தன் கணினியில் அதை வைத்துப் பரிமாறும் வரைதான். வாங்கி ஆசையாக ஒரு தளம் போட்டு, மறந்துபோன பெயர்கள் நிறைய. முகவரி சங்கிலியில் இருக்கும், வீடு இடிந்திருக்கும்.

டிவெப்.லிங்க் இன்னொரு நடுவர்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம். உங்கள் கணினியிலேயே கூபோ என்ற ஐபிஎஃப்எஸ் மென்பொருளை ஓட்டினால் 8080 போர்ட்டில் உங்களுக்கென ஒரு கேட்வே கிடைக்கும், வருகிற ஒவ்வொரு துண்டையும் ஹேஷோடு அது ஒப்பிட்டுப் பார்த்தே தரும். அது இல்லாமலே ஒரு சின்னச் சோதனை செய்யலாம், ஆனால் 85 வகைக்கு மட்டும்: இறக்கிய பைட்டுகளை ஹேஷ்லிப்பின் ஷா256-இல் போட்டால், சிஐடியின் கடைசி 32 பைட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். 112 வகையில் உள்ளடக்கத்தைச் சுற்றி அடுக்கு இருப்பதால் இப்படி நேராக ஒப்பிட முடியாது.

துணைப் பெயர்கள், சங்கிலிக்கு வெளியே உள்ள பெயர்கள்

ஒரு பெயருக்குள் துணைப் பெயர்களை ஆயிரக்கணக்கில் தரும் சேவைகள், ஒவ்வொன்றையும் எத்தீரியத்தில் எழுதுவதில்லை. மேல்பெயரின் ரிசால்வர் மட்டும் சங்கிலியில் இருக்கும். துணைப் பெயர்களின் விவரம் வெளியே ஒரு சர்வரிலோ இரண்டாம் அடுக்குச் சங்கிலியிலோ இருக்கும். நேராகக் கன்டென்ட்ஹேஷ் கேட்டால் இங்கே கைவிரிப்பார்கள். ரிசால்வரிடம் சப்போர்ட்ஸ்இன்டர்ஃபேஸில் 144, 97, 185, 35 கேளுங்கள். ஆமாம் என்றால், ரிசால்வ் என்ற வேறொரு செயலை அழைக்க வேண்டும். அதற்கு இரண்டு உள்ளீடு. ஒன்று, பெயரை டிஎன்எஸ் பாணியில் எழுதியது: ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம், கடைசியில் ஒரு 0. விட்டாலிக்.எத் என்றால் 7, ஏழு எழுத்து, 3, மூன்று எழுத்து, 0. இரண்டாவது, நாம் முன்பு நேராகச் செய்த கன்டென்ட்ஹேஷ் அழைப்பையே பொட்டலமாகக் கட்டியது. கான்ட்ராக்ட் பொருளின் என்கோட்_ஏபிஐ செயல் கட்டித்தரும். வெளிச் சர்வருக்குப் போய்வரும் வேலையை வெப்3 தானே பார்த்துக்கொள்கிறது. திரும்பி வருவதும் ஒரு பொட்டலமே. வெப்3 பொருளின் கோடெக் பகுதியில் உள்ள டிகோடுக்கு வகை 'பைட்ஸ்' என்று சொல்லிப் பிரித்தால் நமக்குப் பழக்கமான 227 வெளியே வரும்.

.கிரிப்டோ வகைப் பெயர்கள்

அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் விற்கும் .கிரிப்டோ போன்ற பெயர்கள் வேறு ரெஜிஸ்ட்ரி, ஆனால் கதை சுருக்கம். நேம்ஹேஷ் முறை அதேதான். கிடைத்த 32 பைட்டை ஒரு பெரிய எண்ணாக்கினால் அது டோக்கன் எண். பதிவுகள் சாவி, மதிப்பு என்று சரங்களாகவே இருக்கின்றன. டிவெப்.ஐபிஎஃப்எஸ்.ஹேஷ் என்ற சாவியைக் கேளுங்கள். வெறுமையாக வந்தால் பழைய சாவியான ஐபிஎஃப்எஸ்.எச்டிஎம்எல்.வேல்யூவையும் கேட்டுவிடுங்கள். சிஐடி எழுத்தாகவே வரும், உரிக்கும் வேலை இல்லை. ஒரே தொல்லை, பெயர் எத்தீரியத்தில் இருக்கிறதா, பாலிகன் என்ற இன்னொரு சங்கிலியில் இருக்கிறதா என்று முதலில் தெரியாது. இரண்டுக்கும் ஒவ்வொரு வெப்3 பொருள் வைத்து இரண்டிலும் கேட்க வேண்டும். பாலிகனின் செயின் எண் 137, நேம்ஹேஷை வரையறுத்த இஐபியின் எண்ணும் 137. குறிப்பேட்டில் எழுதும்போது எந்த 137 என்று சேர்த்தே எழுதுங்கள், நான் ஒரு தடவை மாற்றிப் படித்திருக்கிறேன்.

நேற்றைய சீட்டு

பதிவு மாற்றப்படும்போதெல்லாம் ரிசால்வர் கன்டென்ட்ஹேஷ்சேஞ்ஜ்டு என்ற நிகழ்வை வெளியிடுகிறது, பெயரெண்ணும் புதிய பைட்டுகளும் அதில் இருக்கும். பெயரெண்ணை வைத்து வடிகட்டி அந்த நிகழ்வுகளை எடுத்தால், ஒரு தளம் சங்கிலியின் எந்தெந்தத் தொகுதியில் (பிளாக்) எந்தெந்த சிஐடிக்கு மாறியது என்ற வரிசை கிடைக்கும். இலவச நோட் சேவைகள் ஒரே கேள்வியில் ரொம்ப அகலமான தொகுதி வரம்பைத் தராது. துண்டு துண்டாகக் கேளுங்கள். நடுவில் ரிசால்வரையே மாற்றியிருந்தால் பழைய ரிசால்வரின் முகவரியிலும் தேட வேண்டும். பழைய சிஐடிகளை மேலே சொன்னபடி ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். சிலது 504 தரும். சிலது, அதை வெளியிட்டவரே மறந்துபோன முகப்புப் பக்கத்தோடு திறக்கும்.